வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு வீடியோ வழி அல்ஜீப்ரா: பாடத்திட்டம் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களில், ஆறாம் வகுப்பு வரை கணக்கை யாராவது ஒருவர் சமாளித்துவிடுகிறோம். வாய்ப்பாடு, பின்னம், சதவீதம் எல்லாம் நமக்குக் கைவந்தவை. அல்ஜீப்ரா பக்கத்தில் வந்ததும்தான் தயக்கம் வருகிறது. நமக்குத் தெரியாது என்பதால் வருகிற தயக்கம் இல்லை அது. தினமும் உட்கார்ந்து வரிசையாக நடத்த நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், இங்கே எந்த வரிசையில் நடத்துகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். அப்போது வீடியோ வழிப் பாடத்திட்டம் பெரிய உதவி. நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் அல்ஜீப்ரா 1-ஐ முடித்துவிட்டாள், மகன் பாதியில் இருக்கிறான். புதிதாகத் தொடங்கும் பெற்றோர் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த வீடியோ நல்லா இருக்கும்?" நான் பதிலுக்குக் கேட்பது வேறு: உங்கள் பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டதும் அந்தப் பாடத்திட்டம் என்ன செய்கிறது? இதைப் பார்த்து வாங்கியவர்கள் பாதியில் மாற்றி நான் அதிகம் கண்டதில்லை.

முதலில் இங்கேயுள்ள வரிசையைப் புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் ஆறாம் வகுப்பிலிருந்தே இயற்கணிதம் கொஞ்சம், வடிவியல் கொஞ்சம், புள்ளியியல் கொஞ்சம் என்று ஒரே புத்தகத்தில் கலந்து வரும். அமெரிக்காவில் பெரும்பாலும் தனித்தனி ஆண்டுகளாகப் பிரிப்பார்கள்: ப்ரீ-அல்ஜீப்ரா, அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, அப்புறம் ப்ரீகால்குலஸ். அல்ஜீப்ரா 1-ஐப் பொதுவாக எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் படிப்பார்கள். நேரியல் சமன்பாடுகள், வரைபடம், சாய்வு, இரு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது, அடுக்குகள், பல்லுறுப்புக் கோவைகள், காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, இவ்வளவும் அதில் வரும்.

ஓரிரு வருடத்தில் ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அல்ஜீப்ரா 1 மட்டும் முடித்த பிள்ளையை அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தால், வடிவியல் பக்கம் வெறுமையாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளை வடிவியலுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். அல்லது இரண்டையும் கலந்து நடத்தும் புத்தகமாகத் தேடுங்கள். சாக்ஸன் புத்தகங்களின் மூன்றாம் பதிப்பு அப்படிப்பட்டது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளை தயாரா என்று பாருங்கள்

"கணக்குன்னா நம்ம பிள்ளைகள்தான்" என்ற பெருமை நமக்கு உண்டு. அந்தப் பெருமையில் பதினோரு வயதிலேயே அல்ஜீப்ராவில் இறக்கிவிட்டு, நான்காம் மாதம் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அல்ஜீப்ராவில் இல்லை, பின்னத்திலும் குறை எண்களிலும்தான். எதையும் வாங்கும் முன் ஒரு வெள்ளைத்தாளில் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள், கால்குலேட்டர் வேண்டாம்:

3/4 + 5/6
−7 − (−3)
2 + 3 × (8 − 5)²
40 டாலர் சட்டைக்கு 15% தள்ளுபடி போனால் என்ன விலை?
ஒரு எண்ணின் மூன்று மடங்கோடு 5-ஐக் கூட்டினால் 26. அந்த எண் எது?

விடைகள் 19/12, −4, 29, 34 டாலர், 7. விடையை மட்டும் பார்க்காமல், பென்சில் எப்படிப் போகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவதற்கு 45 என்று வந்தால், பிள்ளை முதலில் 2-ஐயும் 3-ஐயும் கூட்டிவிட்டது. எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் கணக்கில் 8/10 என்று வந்தால், மேலெண்ணோடு மேலெண்ணையும் கீழெண்ணோடு கீழெண்ணையும் கூட்டியிருக்கிறது. அப்படியானால் ஆறு மாதம் ப்ரீ-அல்ஜீப்ராவில் செலவழியுங்கள், அது வீணாகாது. ஐந்தாவதைச் சமன்பாடு எழுதாமல் பின்னாலிருந்து யோசித்துச் சொன்னால் அது நல்ல அறிகுறி.

இதற்கு மேலே, மேத்-யூ-ஸீ, சாக்ஸன் போன்றவை தங்கள் பாடத்திட்டத்துக்கென்றே தகுதி பார்க்கும் டெஸ்டை இலவசமாகத் தருகின்றன. அதையும் போட வையுங்கள். வயதையும் வகுப்பையும் வைத்து வாங்காதீர்கள்.

வீடியோ முடிந்த மறுநிமிடம்

இந்த ஒன்றைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மகளுக்கு முதலில் வாங்கிய பாடத்திட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஆசிரியர் அழகாக நடத்தினார், படங்கள் அசைந்தன, பாடத்தின் முடிவில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தப்பானால் இன்னொரு முறை முயலலாம், குறிப்பும் கிடைக்கும். மதிப்பெண் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். இரண்டு மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் வீடியோ முடிந்ததும் "புரிஞ்சுதும்மா" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டு, ஆசிரியர் அப்போதுதான் போட்டுக் காட்டிய அதே கணக்கை வெறும் தாளில் எழுதிக் கொடுத்தேன்:

−2(x − 5) = 16

−2x − 10 = 16 என்று எழுதினாள். அடுத்த வரியில் −2x = 26. கடைசியில் x = −13. முகத்தில் சந்தேகமே இல்லை. "அந்த −13-ஐ மேலே போட்டுப் பாரும்மா" என்றேன். −2 × −18 என்று போட்டு 36 வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. −2-ஐ −5-ஆல் பெருக்கினால் +10 வரும் என்பது அவளுக்குத் தெரியும், தனியாகக் கேட்டால் சரியாகச் சொல்வாள். அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது அது கைக்கு வரவில்லை. நான்கு விடைகள் கண்முன் இருந்த வரை அந்தக் குறை வெளியே தெரிய வழியே இல்லாமல் போயிற்று.

ஒருவர் கணக்குப் போடுவதைப் பார்க்கும்போது நமக்கும் வருவது போலத்தான் இருக்கும். வந்துவிட்டதா என்பது வெறும் தாளில்தான் தெரியும். எனவே எந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்தாலும் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை வழிமுறையைத் தாளில் எழுதுகிறதா, வெறும் விடையைத் தட்டுகிறதா? தப்பான கணக்குக்கு முழு வழிமுறையும் கிடைக்குமா, விடை மட்டும்தானா? ஒரு பாடத்துக்கு எத்தனை கணக்கு? மூன்று வாரம் முன்பு படித்தது மறுபடி வருகிறதா? திருத்துவது யார்: மென்பொருளா, நீங்களா, அவர்களுடைய ஆசிரியரா? இந்தப் பதில்கள் கைக்கு வந்த பிறகு, ஆசிரியரின் குரலும் திரையின் அழகும் எப்படி என்று பார்க்கலாம்.

இருப்பவற்றில் எது யாருக்கு

எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. எனக்கும் என்னைச் சுற்றியுள்ள குடும்பங்களுக்கும் பழக்கமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

கான் அகாடமி இலவசம். சால் கான் 2004-ல் தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது வளர்ந்து 2008-ல் லாப நோக்கற்ற அமைப்பானது. ப்ரீ-அல்ஜீப்ராவிலிருந்து கால்குலஸ் வரை எல்லாம் உண்டு. வீடியோக்கள் குட்டிக்குட்டியாக இருக்கும், தப்பானால் வழிமுறையைப் படிப்படியாகக் காட்டும். காசு செலவழிக்கும் முன் எல்லோரும் இதை ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம். ஆனால் கையில் பிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் அதோடு வராது. அதை முழுப் பாடமாக எடுத்தால் தினசரி அட்டவணையும் நோட்டும் பெற்றோர் பொறுப்பு. அதைச் செய்யும் வீட்டில் நன்றாகவே ஓடுகிறது.

மேத்-யூ-ஸீ, ஸ்டீவ் டெம்மி உருவாக்கியது. வாரத்துக்கு ஒரு வீடியோ, மீதி நாட்கள் ஒர்க்புக். வண்ணக் கட்டைகளை அடுக்கி x என்றால் என்ன, x² என்றால் என்ன என்று கையாலேயே தொட்டுப் பார்க்க வைப்பார்கள். எழுத்துகளைக் கண்டாலே மிரளும் பிள்ளைக்கு இது மிகவும் ஒத்துப்போகும். திருத்துவது நீங்கள்தான்.

டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸ் முழுக்க ஆன்லைன். பாடம், பயிற்சி, திருத்தம், மதிப்பெண் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கணக்குக்கும் விளக்கம் உண்டு. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலும், மூன்று நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டிலும் இதை அதிகம் பார்க்கலாம். ஆழம் கொஞ்சம் குறைவு என்று பலர் சொல்வார்கள், என் எண்ணமும் அதுதான். கணக்கு என்றாலே பயப்படும் பிள்ளைக்கு அதுவே நல்லதாகவும் அமையும்.

சாக்ஸன், ஜான் சாக்ஸன் என்ற முன்னாள் விமானப்படை அதிகாரி எழுதிய புத்தக வரிசை. புத்தகம்தான் அடிப்படை, வீடியோவைத் தனியாக வேறு ஆசிரியர்களிடம் வாங்க வேண்டும். அல்ஜீப்ரா 1 மூன்றாம் பதிப்பில் 120 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 30 கணக்குகள். புதுப் பாடத்திலிருந்து சில கணக்குகள்தான் வரும், மீதியெல்லாம் பழைய பாடங்கள் கலந்து வரும். ஒவ்வொரு கணக்கின் எண்ணுக்குக் கீழே, அது எந்தப் பாடத்தில் நடத்தப்பட்டது என்ற எண் சின்னதாக இருக்கும். தப்பானால் நேராக அந்தப் பாடத்துக்குப் போய்விடலாம். எனக்கு இந்த ஒரு ஏற்பாடு மிகவும் பிடிக்கும், மகனுக்கு இதைத்தான் எடுத்தோம். 30 கணக்கு அதிகம் என்று ஒற்றைப்படை எண்களை மட்டும் போடச் சொல்லாதீர்கள். அப்படி விட்டால் சில பழைய பாடங்கள் வாரக்கணக்கில் கண்ணில் படாமலே போய்விடும். நேரம் போதாவிட்டால் ஒரு பாடத்தை இரண்டு நாளாக்குங்கள்.

ஆர்ட் ஆஃப் ப்ராப்ளம் சால்விங், ரிச்சர்ட் ருஸ்சிக் தொடங்கியது. இங்கே முறையே தலைகீழ்: முதலில் கணக்கைக் கொடுத்துத் திணற விடுவார்கள், அப்புறம்தான் விளக்கம். புத்தகத்துக்குக் காசு, வீடியோக்களும் ஆல்குமஸ் என்ற பயிற்சித் தளமும் இலவசம். சவாலைத் தேடிப் போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. மற்றப் பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுப் பையன் படிக்கிறான் என்பதற்காக வாங்காதீர்கள்.

டெரெக் ஓவன்ஸ் என்ற ஆசிரியரின் வீடியோக்களோடு காலி இடம் விட்ட ஒர்க்புக் வரும். அவர் எழுத எழுதப் பிள்ளையும் கூடவே எழுத வேண்டும். கூடுதல் கட்டணம் கட்டினால் விடைத்தாளை அவர்களே திருத்தித் தருவார்கள். திருத்த நேரமே இல்லாத பெற்றோர் இதைப் பார்க்கலாம். பேராசிரியர் எட்வர்ட் பர்கர் நடத்தும் தின்க்வெல் வகுப்பறை விரிவுரை போல இருக்கும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு.

இன்னொன்று: வீட்டுக்கல்விப் பதிப்பகங்களில் அபேகா, பாப் ஜோன்ஸ் போன்றவை கிறிஸ்தவப் பதிப்பகங்கள், பாடத்தோடு மத நம்பிக்கையும் சேர்ந்தே வரும். சில குடும்பங்களுக்கு அது வேண்டியதாக இருக்கும், சிலருக்கு வேண்டாததாக இருக்கும். வாங்கும் முன் மாதிரிப் பாடத்தைப் பார்த்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

இரண்டு வாரச் சோதனை

இரண்டைத் தேர்ந்தெடுங்கள், மூன்று வேண்டாம். டீச்சிங் டெக்ஸ்ட்புக்ஸில் முதல் சில பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். மற்றவற்றிலும் மாதிரிப் பாடம் கிடைக்கும். முடிந்தால் இரண்டிலும் ஒரே தலைப்பை எடுங்கள். அடைப்புக்குறியைப் பிரிக்கும் பங்கீட்டுப் பண்பு நல்ல தேர்வு, தப்பு வரும் இடம் அது.

ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றது. ஒவ்வொரு நாளும் வீடியோ முடிந்ததும் திரையை மூடி, அதே மாதிரி இரண்டு கணக்கை வெறும் தாளில் போட வையுங்கள். அப்புறம் ஒரு கணக்கை உங்களுக்குத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 'ஈக்குவேஷன்', 'வேரியபிள்' என்ற சொற்கள் ஆங்கிலத்திலேயே வரட்டும், நடுவில் உள்ள "ஏன்னா", "அதனால" இரண்டும் தமிழில் வந்தால் போதும். கேட்டதை ஒப்பிக்க ஆங்கிலம் கைகொடுக்கும். அதையே அம்மாவிடம் தமிழில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை ஒருமுறை யோசித்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் தமிழும் வளர்ந்தது, அது எதிர்பாராத லாபம்.

இரண்டு வாரக் கடைசியில் தாள்களை அடுக்கிப் பாருங்கள். எதில் கணக்கு சரியாக வந்தது, எதில் விளக்கம் தெளிவாக வந்தது என்று தாளே சொல்லும். பிள்ளைக்கு எந்த ஆசிரியரைப் பிடித்தது என்றும் கேளுங்கள். ஒரு வருடம் அந்தக் குரலோடு உட்காரப் போவது அவர்கள்தான்.

பழைய புத்தகம் வாங்குவதானால் பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள், வீடியோவும் புத்தகமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். ஆன்லைன் அனுமதிக் குறியீடு முதலில் வாங்கியவர் பெயரிலேயே பதிந்திருக்கலாம், அது உங்களுக்கு மாறுமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.

"அந்தப் பக்கம் போனா மைனஸ்"

வீட்டில் நாமும் சொல்லிக்கொடுப்போம், வீடியோ ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பார். இரண்டும் மோதும் இடம் ஒன்று உண்டு. 3x + 7 = 22 என்ற கணக்கைக் கண்டதும் நம் வாயில் வருவது, "7 அந்தப் பக்கம் போனா மைனஸ் 7." வீடியோவில் சொல்வது, "இரண்டு பக்கமும் 7-ஐக் கழி." விடை ஒன்றுதான். ஆனால் எங்கள் வீட்டில் என் கணவர் தன் முறையில் சொல்லிக்கொடுத்த அன்று, மகன் 3x = 15 என்று சரியாகக் கொண்டுவந்துவிட்டு, அடுத்த வரியில் x = 15 − 3 = 12 என்று எழுதினான். கேட்டால், "3-உம் அந்தப் பக்கம்தானேப்பா போகுது, மைனஸ் ஆகணும்ல?" அவன் கேட்டது நியாயம். பக்கம் மாறினால் குறி மாறும் என்பது குறுக்குவழி, காரணம் அதில் இல்லை. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே அளவு எடுக்கிறோம் என்று புரிந்த பிள்ளை, மூன்று மடங்கை ஒரு மடங்காக்க வகுக்க வேண்டும் என்று தானே சொல்லும்.

அதனால் ஒரு பாடத்திட்டத்தை எடுத்தால் அந்த வருடம் முழுதும் அதன் முறையிலேயே பேசுங்கள். அப்பாவும் தாத்தாவும்கூட. முதல் இரண்டு மாதம் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வீடியோவைப் பாருங்கள். நம் குறுக்குவழியை, பிள்ளைக்குக் காரணம் பிடிபட்ட பிறகு தாராளமாகக் காட்டலாம்.

தினசரி ஓட்டம்

எங்களுக்கு ஒத்துவந்தது இது: காலையில் முதல் வேலையாகக் கணக்கு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். நேற்று தப்பானவற்றை மறுபடி போடப் பத்து நிமிடம், வீடியோ பதினைந்து நிமிடம், மீதி நேரம் பயிற்சி. ஆசிரியர் கணக்கைப் பலகையில் எழுதியதும் வீடியோவை நிறுத்தி, பிள்ளை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கும். அன்றே திருத்திவிடுங்கள். வெள்ளிக்கிழமை வரை சேர்த்து வைத்தால், ஒரே தப்பை நான்கு நாள் பழகியிருப்பார்கள்.

திருத்தும்போது தப்பான வரியைச் சுட்டிக்காட்ட வேண்டாம். "இதில் ஒரு இடத்தில் வழி மாறியிருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். விடையைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதித் தப்புகளைத் தாங்களே பிடித்துவிடுவார்கள்.

சாக்ஸனை உதாரணமாக எடுத்தால், 120 பாடங்கள், ஏறக்குறைய நான்கு பாடத்துக்கு ஒரு டெஸ்ட், ஆக 150 நாள் வரும். வாரம் ஐந்து நாள் என்றால் 30 வாரம். வருடத்தில் மீதி வாரங்கள் காய்ச்சலுக்கும், ஊர்ப் பயணத்துக்கும், ஒரு பாடத்தில் சிக்கிக்கொண்டு நிற்பதற்கும் இருக்கின்றன. டெஸ்டில் 80-க்குக் கீழே போனால் நாங்கள் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

ஆறு வாரத்துக்குள் பாடத்திட்டத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலும் முதல் மாத எரிச்சல் புதுப் பழக்கத்தின் எரிச்சல்தான். ஆறு வாரம் கழித்தும் பாடம் ஏறாமல் தினமும் கண்ணீர் என்றால் மாற்றலாம், தயங்க வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றிலும் தலைப்புகளின் வரிசை வேறு. புதியதின் பொருளடக்கத்தைப் பழைய நோட்டோடு ஒப்பிட்டு, எது விட்டுப்போகும் என்று குறித்துக்கொண்டு மாறுங்கள்.

பதிவும் சட்டமும்

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும், விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் 1994-ல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் தீர்ப்பளித்ததிலிருந்து கெடுபிடி மிகக் குறைவு. நியூயார்க்கில் ஆண்டுத் திட்டமும் காலாண்டு அறிக்கையும் தர வேண்டும். பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். எந்த மாநிலமானாலும் டெஸ்ட் தாள்களையும் நோட்டுகளையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வையுங்கள். உயர்நிலைப்பள்ளி மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரே தயாரிக்கும்போது அதுதான் ஆதாரம்.

முடித்த பிறகு

புத்தகம் முடிந்ததும் அதே பாடத்திட்டத்தின் இறுதித் தேர்வோடு நின்றுவிடாதீர்கள். அந்தக் கேள்விகளின் சாயல் பிள்ளைக்குப் பழகியிருக்கும். கான் அகாடமியின் அல்ஜீப்ரா 1 பகுதியில் பாடம் முழுவதற்குமான தேர்வு ஒன்று இருக்கிறது, அதைப் புதிதாக உட்கார்ந்து எழுத வையுங்கள். எங்கள் மகளுக்கு அதில் இருபடிச் சமன்பாடு நன்றாக வந்தது, அடுக்குகளில் ஓட்டை தெரிந்தது. கோடையில் மூன்று வாரம் அதற்காகவே வைத்தோம்.

அடுத்த வருடம் ஜியாமெட்ரிக்குப் போனால் அல்ஜீப்ரா கையை விட்டு நழுவும். கல்லூரியில் சேர இங்கே எழுதும் எஸ்ஏடி தேர்வின் கணக்குப் பகுதியில் அல்ஜீப்ராவும் அதற்கு அடுத்த நிலைக் கணக்கும் சேர்ந்து ஏறக்குறைய 70 சதவீதம், நழுவ விட முடியாது. வெள்ளிக்கிழமை தோறும் பழைய நோட்டிலிருந்து ஐந்து கணக்கு எடுத்துக் கொடுங்கள். அதில் ஒன்று, முன்பு பிள்ளை தப்பாகப் போட்டு நீங்கள் வட்டம் போட்டு வைத்த கணக்காக இருக்கட்டும்.